காய்ச்சல் ஐந்து நாள் தாண்டினால் அக்குளையும் பாருங்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 52 வயது. இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். அவர்தான் தினமும் ஏரிக்கரைக்குப் போய்ப் புல் அறுத்து வருவார். கார்த்திகையில் அவருக்குக் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் வந்தன. பக்கத்து ஊர் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, டெங்கு இல்லை, டைபாய்டு லேசாக இருக்கிறது என்று ஐந்து நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விடவில்லை, மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பிளட் கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளரவில்லை என்றார்கள். அங்கே ஒரு டாக்டர் வேட்டியைத் தளர்த்தச் சொல்லிப் பார்த்து, தொடையிடுக்கில் இருந்த ஒரு கருப்புப் புண்ணைக் காட்டினார். ஸ்க்ரப் டைபஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. அது ஏதோ வேர்வைக் கட்டி என்று நினைத்து என்னிடம்கூடச் சொல்லவில்லை என்கிறார் என் கணவர்.

இந்தக் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள் மட்டுமே வாழும் என்று அந்த டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளேயே ஒளிந்திருந்து திரும்பவும் வருமா? ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் பிரசவத்துக்காக அடுத்த மாதம் வருகிறாள், அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? ஊரில் இதை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். மாடுகளை விற்றுவிடலாமா? அத்தனை பணம் கொடுத்துப் போட்ட ஊசி கேட்காமல் சாதாரண மாத்திரை எப்படிக் கேட்டது? பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன், “செல்லுக்கு வெளியே வாழாது என்றால் அது வைரஸ்தானே?” என்று கேட்கிறான். அவனுக்கும் சேர்த்துப் பதில் எழுதுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாராளமாக வரட்டும். ஸ்க்ரப் டைபஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பக்கத்தில் படுத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், எதிரே நின்று இருமினாலும் வராது. உங்கள் கணவரைத் தனியறையில் ஒதுக்க வேண்டாம். மாடுகளையும் விற்க வேண்டாம். மகள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அடுத்து உங்கள் மகனின் கேள்வி. அதிலிருந்து தொடங்கினால் நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும். அவனுக்கு வந்த சந்தேகம் விஞ்ஞானிகளுக்கும் வந்திருக்கிறது. கண்ணைப் பாதிக்கும் டிரக்கோமா என்ற நோய்க்குக் காரணமான கிளமிடியா என்ற பாக்டீரியாவை 1960கள் வரை பலர் பெரிய வைரஸ் என்றே எண்ணியிருந்தார்கள். காரணம், அது எந்தச் செயற்கை ஊட்டக் கரைசலிலும் வளரவில்லை. உயிருள்ள செல்லுக்குள் விட்டால் மட்டுமே பெருகியது. ஆனால் உற்றுப் பார்த்தபோது வேறுபாடு தெரிந்தது. வைரஸில் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இரண்டில் ஒன்றுதான் மரபுப் பொருளாக இருக்கும். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் அதற்குக் கிடையாது. இந்தக் கிருமிகளிடம் டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்தே இருக்கின்றன, சொந்த ரைபோசோம்களும் இருக்கின்றன. மற்ற பாக்டீரியாக்களைப் போலவே இரண்டாகப் பிளந்து பெருகுகின்றன. ஆகவே இவை பாக்டீரியாக்கள்தாம். தம்பி இந்த ரைபோசோமை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் கணவரைக் காப்பாற்றிய மாத்திரை வேலை செய்தது அங்கேதான்.

பிறகு ஏன் வெளியே வாழ முடிவதில்லை? நம் வயல்களில் மாமரத்தின் மேல் வளரும் புல்லுருவியைப் பார்த்திருப்பீர்கள். பச்சை இலை உண்டு, பூ உண்டு, காய் உண்டு; ஆனால் தண்ணீருக்கு மரத்தைத்தான் நம்பியிருக்கும், கிளையிலிருந்து பிரித்தால் வாடிவிடும். இந்தக் கிருமிகளின் முன்னோர்கள் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்தவை. செல்லுக்குள் புகுந்த பிறகு உணவும் ஆற்றலும் தயாராகக் கிடைத்ததால், அவற்றைத் தாமே செய்துகொள்ள உதவிய மரபணுக்களைத் தலைமுறை தலைமுறையாக இழந்துவிட்டன. பேன் மூலம் பரவும் டைபஸ் காய்ச்சலுக்குக் காரணமான ரிக்கெட்சியா புரோவாசெக்கியின் மரபணுத் தொகுதியை 1998இல் முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். அதில் புரதம் தரும் மரபணுக்கள் 834 மட்டுமே. நம் குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குச் சுமார் 4,300 உண்டு. இழந்ததை ஈடுகட்ட ஒரு வழியையும் இவை வைத்திருக்கின்றன. நம் செல் தன் வேலைகளுக்காகச் சேர்த்து வைத்திருக்கும் ஏ.டி.பி. (ATP) என்ற ஆற்றல் மூலக்கூறை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு, ஆற்றல் தீர்ந்த அதன் மிச்சத்தை (ADP) வெளியே தள்ளுகின்றன. நம் செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் எப்போதோ உள்ளே புகுந்து தங்கிவிட்ட ஒரு பாக்டீரியாவின் வழிவந்ததுதான் என்பதும், அதற்கு ரிக்கெட்சியா நெருங்கிய உறவு என்பதும் அதே ஆய்வில் வலுப்பட்டன. தம்பியின் உயிரியல் ஆசிரியரிடம் கேட்டால் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்.

உங்கள் கணவரைத் தாக்கியதன் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி. ரிக்கெட்சியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1995 வரை ரிக்கெட்சியா என்றே அழைக்கப்பட்டது. ஜப்பானின் ஆற்றோர வயல்களில் முதலில் அடையாளம் காணப்பட்ட நோய் இது. இந்த நோயைப் பரப்பும் ஒரு நுண்ணிய பூச்சி கடித்த இடத்தில் தோலுக்குள் நுழைந்த ஓரியன்ஷியா, ஒரு செல்லின் சவ்வில் ஒட்டி, தன்னை உள்ளே விழுங்க வைக்கிறது. விழுங்கிய செல் அதை ஒரு பைக்குள் அடைத்து அழிக்கப் பார்க்கும். அதற்குள் பையை உடைத்துக்கொண்டு வெளியேறி, செல்லின் உள்ளே பொருள்களை எடுத்துச் செல்லும் நுண்குழல்களின் வழியே நகர்ந்து, உட்கருவுக்குப் பக்கத்தில் போய் அமர்ந்து பெருகுகிறது. பிறகு செல்லின் சவ்வையே ஒரு போர்வையாகச் சுற்றிக்கொண்டு மொட்டு விட்டதுபோல் வெளியே வந்து அடுத்த செல்லுக்குப் போகிறது.

இதற்கு மிகவும் பிடித்த இடம் ரத்தக் குழாய்களின் உள்சுவர். நோயின் கொடுமை எல்லாம் அதிலிருந்து வருகிறது. உள்சுவர் வீங்கிப் பழுதடையும்போது ரத்தத்திலுள்ள நீர் கசிகிறது. நுரையீரலில் கசிந்தால் மூச்சு வாங்கும். உங்கள் கணவருக்கு நடந்தது அதுதான். மூளையில் என்றால் குழப்பம், வலிப்பு, நினைவு தப்புதல். சிறுநீரகம், கல்லீரல், இதயம் எதையும் இது விட்டு வைப்பதில்லை. சிலருக்குக் காது மந்தமாகிவிடும். காய்ச்சலோடு “டாக்டர், காது சரியாகக் கேட்கவில்லை” என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே இந்த நோய்தான் நினைவுக்கு வரும். தட்டணுக்களும் குறைவதால் டெங்கு என்றே பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஏழு நாளுக்குள் இறங்கிவிடும். எட்டாம் நாளும் காய்ச்சல் கொதிக்கிறது என்றால் அது வேறு ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிளட் கல்ச்சரில் ஒன்றும் வளராததன் காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். கல்ச்சர் பாட்டிலில் இருப்பது ஊட்டச்சத்துக் கரைசல். டைபாய்டுக் கிருமி அதில் வளரும். ஓரியன்ஷியாவுக்கு அதில் பிழைப்பே இல்லை. உயிருள்ள செல்களை வளர்த்து, அவற்றுக்குள் விட்டுத்தான் இதை வளர்க்க முடியும். மிகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் கொண்ட ஆய்வுக்கூடங்களில் மட்டுமே அதைச் செய்கிறார்கள். ஆகவே கல்ச்சரில் “கிருமி வளரவில்லை” என்ற சீட்டு வந்தால், அந்தக் கரைசலில் வளரக்கூடிய கிருமி எதுவும் கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த தொழுநோயும் இப்படித்தான். நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் அதன் கிருமியைக் கண்டார். இத்தனை ஆண்டுகளாகியும் அதைச் செயற்கைக் கரைசலில் வளர்க்க முடியவில்லை. 1971இல் ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலில் வளர்த்த பிறகுதான் ஆய்வுக்குப் போதுமான அளவு கிருமி கிடைத்தது.

“டைபாய்டு லேசாக இருக்கிறது” என்ற வாக்கியம் இந்த நோயில் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. இதைச் சொல்லாமல் என்னால் விட முடியாது. விடால் என்ற அந்தச் சோதனை பழைய தொற்று, தடுப்பூசி, வேறு காய்ச்சல் எதற்கும் லேசாகப் பாசிட்டிவ் காட்டும். ஒரே ஒரு விடால் சோதனையை வைத்து டைபாய்டு என்று முடிவு செய்வது சரியல்ல. ஸ்க்ரப் டைபஸுக்கு உரியது ஐ.ஜி.எம். எலிசா என்ற ரத்தப் பரிசோதனை. அதுவும் முதல் சில நாள்களில் நெகட்டிவாக வரலாம். எதிர்ப்புப் புரதம் உருவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்தக் கருப்புப் புண்ணின் பொருக்கிலிருந்து எடுத்த துணுக்கில் பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை செய்தால் அதற்கு முன்பே தெரிந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐ.ஜி.எம். என்ற அந்த எதிர்ப்புப் புரதம், நோய் குணமான பிறகும் பல மாதங்கள் ரத்தத்தில் தங்கும். வரும் மாதங்களில் உங்கள் கணவருக்கு வேறு காய்ச்சல் வந்து இதே சோதனையைச் செய்தால் பழைய தொற்றையே காட்டக்கூடும். அப்போது பார்க்கிற மருத்துவரிடம் இந்த முறை நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

ஊசிக்கு வருகிறேன். அவருக்குப் போட்ட ஊசியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. டைபாய்டு என்று நினைத்தால் பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் போடுவார்கள். அது நல்ல மருந்து. டைபாய்டுக்கு உயிர் காக்கும் மருந்து. ஆனால் அது தாக்குவது பாக்டீரியாவின் வெளிச்சுவரை. ஓரியன்ஷியாவின் சுவரில் அந்த மருந்து குறிவைக்கும் பொருள் மிகச் சொற்பம். அதற்கும் மேலாக, அந்த மருந்து ரத்தத்தில் நிறைய இருந்தாலும் நம் செல்லுக்குள் போதிய அளவு போவதில்லை. கிருமியோ செல்லுக்குள் இருக்கிறது. ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளுக்கும் இதே தடைதான். டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை செல்லின் சவ்வை எளிதாகக் கடந்து உள்ளே போகிறது. போய், முன்பு சொன்ன ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான அசித்ரோமைசினும் செல்லுக்குள் சேர்ந்து தங்கும். ஊசி என்றால் வீரியம், மாத்திரை என்றால் சாதாரணம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கிருமி இருக்கும் இடத்துக்கு எந்த மருந்து போய்ச் சேருகிறது என்பதுதான் கணக்கு.

இந்த நோய்க்கு முதல் முறையாக ஆன்டிபயாடிக் பலித்தது 1948இல், கோலாலம்பூரில். ஜோசஃப் ஸ்மாடெல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு குளோராம்பெனிகால் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. அதற்கு முன் இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் சண்டையிட்ட படைகளை இந்தக் காய்ச்சல் மோசமாக வாட்டியிருந்தது. கோலாலம்பூரில் ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் டைபாய்டு இருந்தது. அவர்களும் குணமானார்கள். டைபாய்டுக்கு அந்த மருந்து கேட்கும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. இந்த இரண்டு காய்ச்சல்களும் மருத்துவர்களைக் குழப்புவது அன்றிலிருந்து தொடர்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நோய் முற்றி மூச்சுத் திணறலோ ரத்த அழுத்தக் குறைவோ வந்துவிட்டால் மருந்தை நரம்பு வழியாகத்தான் கொடுக்க வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்திய மருத்துவமனைகள் சில சேர்ந்து, தீவிர ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் சுமார் 800 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத உறுப்புப் பாதிப்பு, ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதம். சிக்கல்கள் குறைந்தன, ஆனால் இறப்பு விகிதத்தில் மட்டும் மூன்று பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை. தாமதமாக வருபவர்களை எவ்வளவு நல்ல மருந்தாலும் முழுமையாகக் காப்பாற்ற முடிவதில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஐந்தாம் நாளில் சில ரூபாய் மாத்திரையில் முடிகிற நோய், பத்தாம் நாளில் தீவிர சிகிச்சைப் பிரிவில் லட்சக்கணக்கில் செலவு வைத்து, அதற்கும் பிறகு ஆளைப் பறிக்கிறது. என்னைக் கோபப்படுத்துவது அதுதான்.

ஆகவே அந்தக் கருப்புப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூச்சி கடித்த இடத்தில் முதலில் சிறு கொப்புளம் எழும்பி, உடைந்து, நடுவில் கருப்பான காய்ந்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக நிற்கும். சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கும். வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. அதனால்தான் உங்கள் கணவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இடுக்கான, ஈரமான இடங்களில் பொருக்கு விழுந்து வெறும் ஆழமில்லாத புண்ணாகவும் தெரியலாம். கருத்த தோலில் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அக்குள், தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, பிட்டம், இடுப்பில் துணி இறுக்கும் இடம், தொப்புள், முழங்காலின் பின்புறம், பெண்களுக்கு மார்பகத்தின் கீழ், குழந்தைகளுக்குக் காதின் பின்புறமும் தலைமுடிக்குள்ளும் என, நாம் வழக்கமாகக் காட்டவும் பார்க்கவும் கூசுகிற இடங்களிலேயே அது பெரும்பாலும் இருக்கிறது. ஒட்டினாற்போல் பக்கத்தில் நெறிகட்டியிருக்கும். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் சட்டையின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எழுப்பி அனுப்பினால் இதை ஒருநாளும் காண முடியாது. வீட்டில் காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால், நல்ல வெளிச்சத்தில், கணவருக்கு மனைவியும் மனைவிக்குக் கணவரும் குழந்தைக்குத் தாயும் பார்த்துவிடலாம். கண்டால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் காட்டுங்கள். காணவில்லை என்றால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பலருக்குப் புண்ணே இருப்பதில்லை. புதர், புல், வயல் பக்கம் போனதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். “ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா?” என்று நீங்களே கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை.

முதலில் பார்த்த மருத்துவர் மேல் உங்களுக்கு வருத்தம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. முதல் மூன்று நாள்களில் இந்தக் காய்ச்சலை மற்ற காய்ச்சல்களிலிருந்து பிரித்தறிவது யாருக்கும் கடினம். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று நாள் ஊசிக்கும் காய்ச்சல் அசையவில்லை என்ற பிறகு, அதே ஊசியைத் தொடர்ந்தது சரியில்லை. மழைக்காலம் முடிந்து பனிக்காலம் தொடங்கும் மாதங்களில், உங்கள் மாவட்டத்தில், புல் அறுக்கும் ஒருவருக்கு, காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் இது முதலில் நினைவுக்கு வர வேண்டிய நோய்.

நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் பத்தில் ஒருவர் வரை இந்தக் கிருமிக்கு ஆளாவது தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வரவில்லை. காய்ச்சல் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் அது தீவிரமானது. ஆகவே உங்கள் கணவர் ஏதோ அபூர்வமான நோய்க்கு ஆளாகிவிட்டார் என்று நினைத்துக் கலங்காதீர்கள்.

உள்ளே ஒளிந்திருந்து திரும்ப வருமா என்ற உங்கள் பயத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. பேன் வழியாகப் பரவும் டைபஸ், குணமாகிப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் சிலருக்குத் திரும்பி வந்திருக்கிறது. அது போரும் பஞ்சமும் அகதி முகாம்களும் நிறைந்த இடங்களின் நோய். உங்கள் கணவருக்கு வந்தது அதன் உறவுதான், அதுவே அல்ல. ஓரியன்ஷியாவும் குணமான சிலரின் நெறிக்கட்டிகளில் நீண்ட காலம் தங்கியிருந்தது 1950களில் கண்டறியப்பட்டது. அவர்கள் நலமாகவே இருந்தார்கள். மருந்தை முழுமையாகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது அரிது. திரும்பினாலும் அதே மருந்து கேட்கும். ஆனால் புதிதாக மறுபடி கடித்தால் மறுபடி வரலாம். இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு. ஒரு வகைக்கு உடல் தேடிக்கொண்ட எதிர்ப்பு இன்னொரு வகைக்கு அதிக நாள் உதவுவதில்லை. தடுப்பூசியும் கிடையாது.

ஆகவே பூச்சியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்களிலும் எழுதுகிறார்கள். அதனால்தான் மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டியிருக்கும் உண்ணி மேல் உங்களுக்குச் சந்தேகம் வந்தது. நாய் உண்ணி பரப்பும் வேறொரு ரிக்கெட்சியா காய்ச்சல் இந்தியாவில் உண்டு. அதற்காக நாய்க்கு உண்ணி மருந்து போடுவது நல்லதே. ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது மண்ணிலும் புல்லடியிலும் வாழும் ஒரு நுண்ணிய பூச்சியின் இளம்பருவம். ஆறு கால்கள், ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. கண்ணுக்குத் தெரிவது அரிது, கடிப்பதும் தெரியாது. அது ரத்தம் குடிப்பதில்லை. தோலைக் கரைத்து அதன் சாற்றை உறிஞ்சுகிறது. வாழ்நாளில் இந்த ஒரு பருவத்தில் மட்டும்தான் விலங்குகளின் மேல் ஏறுகிறது. வழக்கமாக எலி, வயலெலி, மூஞ்சூறு ஆகியவற்றின் மேல். நாம் குறுக்கே போனால் நம் மேல். கிருமி தாய்ப் பூச்சியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்குப் போய்விடுவதால், ஓர் இடத்தில் இந்தப் பூச்சி குடிகொண்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் அங்கே நோய் இருக்கும்.

உங்கள் கணவர் புல் அறுக்கப் போகத்தான் வேண்டும். முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை மூடும் துணியும் அணிந்து போகட்டும். கால்களில் கொசு விரட்டிக் களிம்பு தடவிக்கொண்டால் இன்னும் நல்லது. புல்தரையில் வெறுமனே உட்காரவோ படுக்கவோ வேண்டாம். திரும்பி வந்ததும் உடுத்திய துணியை உடனே மாற்றி, வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளிக்க வேண்டும். பூச்சி ஏறியவுடனே கிருமியைச் செலுத்திவிடுவதில்லை. பல மணி நேரம் ஒட்டியிருந்து உறிஞ்ச வேண்டும். மாலையில் குளிக்கலாம் என்று தள்ளிப்போடாமல் வந்ததும் குளிப்பதன் பயன் அங்கேதான். வீட்டைச் சுற்றியுள்ள புதரையும் உயர்ந்த புல்லையும் வெட்டிவிடுங்கள். துணியைச் செடி மேலும் தரையிலும் உலர்த்தாமல் கொடியில் போடுங்கள். விறகுக் குவியலும் வைக்கோல் போரும் சுவரை ஒட்டி இருந்தால் எலிக்கு அது வீடாகிவிடும். சற்றுத் தள்ளி வையுங்கள்.

மாத்திரை விஷயம். பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக நாளுக்கு இரு வேளை, ஏழு நாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பாலோடும், இரும்புச்சத்து மாத்திரையோடும், வயிற்றெரிச்சலுக்கான மருந்தோடும் சேர்த்துச் சாப்பிட்டால் உடலில் சரியாகச் சேராது. நீங்களாகக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கொடுக்காதீர்கள். அவருக்கு மூச்சு வாங்கும் அளவுக்குப் போய்விட்டதால், உடல் பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். மறுபடி மூச்சுத் திணறலோ காய்ச்சலோ வந்தால் தாமதிக்காமல் அதே மருத்துவமனைக்கே போங்கள்.

இனி மகள். அவளுக்குத் தந்தையிடமிருந்து ஆபத்து இல்லை. உங்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும் இருக்கக்கூடும். கர்ப்ப காலத்தில் ஸ்க்ரப் டைபஸ் வந்தால் குறைப்பிரசவமும் குழந்தை வயிற்றிலேயே இறப்பதும் நேரக்கூடும். அதனால் அவள் வருவதற்கு முன்பே வீட்டைச் சுற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். புல் அறுக்கும் இடத்துக்கும் விறகு எடுக்கவும் அவளை அனுப்பாதீர்கள். கட்டிலிலோ பாயிலோ படுக்கட்டும், வெறும் தரையில் வேண்டாம். ஒருவேளை அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்து நாள் காத்திருக்கும் கணக்கு அவளுக்குப் பொருந்தாது. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த நோயில் அசித்ரோமைசின் கொடுக்கிறோம், அது நன்றாகவே கேட்கிறது. பிரசவத்துக்கு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அந்த மருத்துவருக்கு உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்தது தெரிந்திருக்க வேண்டும். கணவரின் டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு நகல் எடுத்து, மகளின் தாய் சேய் நல அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.